இரண்டு பட்டியலும் எங்களுடையதே

1923 மே 12 அன்று ரோம் நகரின் 'இல் மொண்டோ' நாளிதழில் ஜொவான்னி அமெண்டோலா உள்ளூராட்சித் தேர்தல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் நேப்பிள்ஸில் பிறந்தவர், தத்துவம் பயின்றவர், தாராளவாதி. முசோலினி ஆட்சிக்கு வரும்வரை காலனிகளுக்கான அமைச்சராக இருந்தவர். அன்றைய இத்தாலிய நகரசபைத் தேர்தலில் அதிக வாக்கு வாங்கிய பட்டியலுக்குப் பெரும்பாலான இடங்களும், அடுத்து வந்த பட்டியலுக்கு மிச்சமுள்ள சில இடங்களும் போகும். தோற்றவருக்கும் சபையின் ஒரு மூலையில் நாற்காலி உண்டு. இதற்கு ஃபாசிஸ்டுகள் ஒரு வழி கண்டார்கள். எதிராளிகளை மிரட்டி ஒதுங்கவைத்துவிட்டு, பெரும்பான்மைக்கு ஒரு பட்டியல், சிறுபான்மைக்கு ஒரு பட்டியல் என இரண்டையும் தாங்களே நிறுத்தினார்கள். ஜெயிப்பதும் அவர்கள், தோற்பதும் அவர்கள். பெரும்பான்மை முறை தெரியும், சிறுபான்மை முறை தெரியும், இந்த மூன்றாவதை என்னவென்று அழைப்பது? அமெண்டோலா அதற்கு 'சிஸ்டெமா டோட்டலிட்டாரியோ' என்று பெயர் வைத்தார். மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் முறை. பின்னாளில் டோட்டலிடேரியனிசம் என்று உலகெங்கும் புழங்கிய, தமிழில் முற்றாதிக்கம் என்று சொல்லக்கூடிய கருத்து அரசியலுக்குள் வந்தது இப்படித்தான். தத்துவ நூலிலிருந்தோ வதைமுகாமிலிருந்தோ அது வரவில்லை; நகரசபைத் தேர்தலில் நடந்த ஒரு தில்லுமுல்லுவைச் சொல்ல வந்தது.

இந்தப் பிறப்பை ஒரு சுவையான தகவலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். முற்றாதிக்கம் பற்றிய நூல்கள் பலவும் முதல் பக்கத்தில் அமெண்டோலாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நேராக ஹிட்லருக்கும் ஸ்டாலினுக்கும் போய்விடுகின்றன. அங்கேதான் பிசகு நேர்கிறது என்று நினைக்கிறேன். பிறந்தபோது அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள், பின்னர் அறிஞர்கள் அதற்குக் கட்டிய பெரிய மாளிகைகளைவிடக் கச்சிதமானது. எதிராளியைத் தோற்கடிப்பது ஒன்று, எதிராளி உட்காரும் இடத்தையே தான் எடுத்துக்கொள்வது வேறொன்று என்பதே அமெண்டோலா கண்ட வேறுபாடு. வழக்கமான சர்வாதிகாரி எதிர்க்கட்சியைப் பூட்டிவைப்பான். இவர்களோ எதிர்க்கட்சியின் வேடத்தையும் தாங்களே போட்டார்கள்.

அந்த ஆண்டின் நடப்புகள் அவருடைய கணிப்பை உடனுக்குடன் மெய்ப்பித்தன. 1922 அக்டோபர் இறுதியில் பிரதமரான முசோலினிக்கு நாடாளுமன்றத்தில் சொந்தப் பலம் சொற்பம். அதைச் சரிக்கட்ட 1923-இல் அச்செர்போ சட்டம் வந்தது. நாடு முழுவதும் 25 விழுக்காட்டுக்குக் குறையாமல் வாங்கி முதலிடம் பெறும் பட்டியலுக்கு 535 இடங்களில் 356, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, போய்விடும். மிச்சமுள்ள மூன்றில் ஒரு பங்கை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். பெரும்பான்மை வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் இதுவே தாராளம். ஆனால் 1924 ஏப்ரல் 6 தேர்தலில் ஃபாசிஸ்டுகள் 'பெரும்பட்டியல்' என்று பெயர்பெற்ற தங்கள் முதல் பட்டியலோடு நிற்கவில்லை. சில பகுதிகளில் 'பிஸ்' என்ற இரண்டாவது பட்டியலையும் இறக்கினார்கள். சிறுபான்மைக்கென ஒதுங்கிக் கிடந்த இடங்களிலும் கைவைப்பதற்கே அது. இரண்டும் சேர்த்து 370-க்கு மேற்பட்ட இடங்களை அள்ளின. அந்தத் தேர்தலின் அடிதடிகளையும் மோசடிகளையும் மே 30 அன்று சபையில் வரிசையாக எடுத்துச் சொன்ன சோஷலிஸ்ட் உறுப்பினர் ஜியாகொமோ மத்தேயோத்தி, ஜூன் 10 அன்று கடத்திக் கொல்லப்பட்டார்.

இதற்கிடையே, முசோலினி பதவியேற்று ஓராண்டு கழிந்த 1923 நவம்பரில், அமெண்டோலா அதே சொல்லுக்குத் திரும்பி வந்தார். இம்முறை அவர் பேசியது நாற்காலிகளைப் பற்றி அல்ல. ஃபாசிசம் இத்தாலியை ஆள்வதோடு நிறைவடையவில்லை, இத்தாலியரின் மனச்சாட்சியைத் தன் ஏகபோகமாக்கப் பார்க்கிறது, அதற்கு வேண்டியது கீழ்ப்படிதல் மட்டுமல்ல, மதமாற்றம் என்பது அவர் வாதம். ஆறே மாதத்தில் சொல் தேர்தல் அறையிலிருந்து நெஞ்சறைக்குள் போய்விட்டது. இரண்டும் தனித்தனிப் பொருள் அல்ல. சபையில் எதிராளிக்கு இடமில்லை என்பதன் தொடர்ச்சிதான், குடிமகனின் மனத்தில் மறுப்புக்கு இடமில்லை என்பது. 1925 ஜனவரியில் பியரோ கொபெட்டி நடத்திய இதழில் லேலியோ பாஸோ என்ற இளம் சோஷலிஸ்ட் புனைபெயரில் எழுதியபோது, அதுவரை அடைமொழியாக இருந்தது 'டோட்டலிட்டாரிஸ்மோ' என்று பெயர்ச்சொல்லாகவும் ஆனது. லண்டனுக்கு நாடுகடந்து போன கத்தோலிக்கப் பாதிரியார் லூயிஜி ஸ்துர்ஸோ இந்தச் சிந்தனையை ஆங்கில வாசகர்களுக்குக் கொண்டுபோனார். ஒரு தாராளவாதி, ஒரு சோஷலிஸ்ட், ஒரு பாதிரியார். இந்தச் சொல் பனிப்போருக்காக அமெரிக்கா தயாரித்த ஆயுதம் என்று இடதுசாரி விமர்சகர்கள் பலகாலம் சொல்லிவந்ததுண்டு. அது பனிப்போரில் ஆயுதமானது உண்மை. ஆனால் வாஷிங்டனில் யாரும் அதைக் கையில் எடுப்பதற்கு 20 ஆண்டுகள் முன்பே, அடிபட்டவர்கள் அதை வைத்திருந்தார்கள்.

அடித்தவர்களுக்கும் சொல் பிடித்துப்போனதுதான் விசித்திரம். 1925 ஜூன் 22 அன்று கட்சி மாநாட்டில் முசோலினி தங்கள் மூர்க்கமான டோட்டலிடேரியன் வேட்கையைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். எல்லாம் அரசுக்குள், அரசுக்கு வெளியே எதுவுமில்லை, அரசுக்கு எதிராக எதுவுமில்லை என்ற சூத்திரத்தை அதே ஆண்டு அக்டோபரில் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் முழங்கினார். தத்துவவாதி ஜொவான்னி ஜென்டிலே அதற்குக் கோட்பாட்டு உடுப்பு மாட்டிவிட்டார். 1932-இல் இத்தாலியக் கலைக்களஞ்சியத்தில் முசோலினி பெயரில் வெளிவந்த ஃபாசிசக் கோட்பாட்டுக் கட்டுரையிலும் அவர் கை உண்டு. சொல்லைப் படைத்தவரின் கதியோ வேறு. 1925 ஜூலையில் மொன்டெகட்டினி அருகே கார் மறிக்கப்பட்டு, அமெண்டோலா தடிகளால் அடித்து நொறுக்கப்பட்டார். அந்தக் காயங்களிலிருந்து மீளாமலே 1926 ஏப்ரல் 7 அன்று பிரான்ஸின் கான் நகரில் இறந்தார். அந்த ஆண்டு நவம்பரில் மற்றக் கட்சிகள் எல்லாம் கலைக்கப்பட்டன.

மற்றக் கட்சிகளே இல்லை என்றான பிறகும் தேர்தல் நின்றுவிடவில்லை. 1929 மார்ச் 24 அன்று நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஃபாசிசப் பெருங்குழு தேர்ந்தெடுத்த 400 பெயர்கள் கொண்ட ஒரே பட்டியல். வாக்காளருக்கு இரண்டு சீட்டுகள் தரப்படும். 'ஆம்' சீட்டில் தேசியக் கொடியின் மூவண்ணம். 'இல்லை' சீட்டு வெறும் வெள்ளை. மறைவிடத்துக்குள் போய் ஒன்றை ஒதுக்கிவிட்டு, மற்றதை மடித்து அதிகாரியிடம் நீட்ட வேண்டும். எந்தச் சீட்டு என்பது மடிப்பையும் மீறித் தெரிந்துவிடும். அப்படியும் 1,35,000-க்கு மேற்பட்டவர்கள் வெள்ளைச் சீட்டை நீட்டினார்கள். அவர்களுடைய துணிச்சலை எண்ணிப் பார்க்க வேண்டும். 1934-இல் இதே சடங்கு மறுபடி நடந்தபோது அந்த எண்ணிக்கை 15,215 ஆகச் சுருங்கியது. ஆட்சி கைமாறாது என்று ஊருக்கே தெரிந்திருக்கையில் எதற்கு இந்தச் செலவு? வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்றால் தேர்தலையே ரத்து செய்திருக்கலாம். வாயைத் திறந்து 'ஆம்' சொல்ல வேண்டும் என்பதுதான் வேண்டுகோள். சாதாரண சர்வாதிகாரத்துக்கு மௌனம் சம்மதம். இங்கே மௌனமும் ஒரு குற்றம்.

இந்த இடத்தில் வலுவான ஒரு மறுப்பு குறுக்கிடும். முசோலினியின் இத்தாலி உண்மையில் முற்றாதிக்க நாடே அல்லவே? மன்னர் இருந்தார். 1929 பிப்ரவரியில் உடன்படிக்கை செய்துகொண்ட வாட்டிகன் தன் அமைப்புகளோடும் செல்வாக்கோடும் இருந்தது. 1943 ஜூலையில் பெருங்குழுவே முசோலினிக்கு எதிராக வாக்களித்தது. சில மணி நேரத்திலேயே மன்னர் அவரை வீட்டுக்கு அனுப்பினார், அவர் கைதானார். ஹிட்லரை அப்படி அனுப்ப யாரால் முடிந்திருக்கும்? அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1951-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் முற்றாதிக்கத்தின் உண்மையான வடிவங்களாக நாஜி ஜெர்மனியையும் ஸ்டாலினின் சோவியத்தையும் மட்டுமே கொண்டார். 1938 வரையிலான இத்தாலி அவருக்குச் சாதாரண சர்வாதிகாரம்தான். தகவல்களில் அவரோடு சண்டையில்லை. ஆனால் முழுமை கைகூடியதா என்பதை அளவுகோலாக வைத்தால், எந்த நாடுமே தேறாது. நாஜி அரசை ஆராய்ந்த ஃபிரான்ஸ் நாய்மன் 1942-இலேயே, அது ஒற்றைக் கல்லால் ஆனதல்ல, கட்சி, ராணுவம், அதிகாரவர்க்கம், பெருந்தொழில் ஆகிய நான்கும் பேரம்பேசும் குழப்பக்காடு என்று காட்டிவிட்டார். சோவியத் ஆவணக் காப்பகங்களும் திறந்த பிறகு அங்கேயும் இழுபறியும் ஏய்ப்பும்தான் கண்ணில் படுகின்றன. அமெண்டோலாவின் சொல் முடிந்த காரியத்தைக் குறிக்கவில்லை, ஓர் உரிமைகோரலைக் குறித்தது. இத்தாலியில் அந்தக் கோரிக்கை அரைகுறையாக நிறைவேறியது என்பதால் அது எழுப்பப்படவே இல்லை என்று ஆகிவிடாது.

ஜெர்மனியில் சொல்லின் போக்கு தடுமாறியது. எழுத்தாளர் எர்ன்ஸ்ட் யூங்கர் 1930-இல் முழுத் திரட்டல் பற்றி எழுதினார். சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட் 1931-இல் முழுமை அரசு பற்றி எழுதினார். எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்ட்ஹோஃப் 1933-இல் அதே தலைப்பில் நூலே போட்டார். ஆனால் 1934 ஜனவரியில் நாஜிக் கோட்பாட்டாளர் ரோசன்பெர்க் கட்சி நாளிதழில் இதை மறுத்தார்: முழுமை அரசுக்குரியதல்ல, இயக்கத்துக்குரியது. உள்வீட்டுச் சச்சரவுதான், ஆனாலும் அர்த்தமுள்ளது. அரசு என்றால் சட்டம், அலுவலகம், பதவி என்று எல்லைகள் வந்துவிடும். இயக்கத்துக்கு எல்லை கிடையாது. சொல்லை ஒதுக்கினார்களே தவிர, செயலை ஒதுக்கவில்லை. 1933 ஜூலை 14 சட்டம் புதிய கட்சி தொடங்குவதைக் குற்றமாக்கியது. நவம்பர் 12 அன்று நடந்த ரைஷ்டாக் தேர்தலில் ஒரே பட்டியல். சீட்டில் குறியிட ஒரே வட்டம், மறுப்புக்கு வட்டமே இல்லை. கட்சிக்கு வெளியே இருந்த சிலரை 'விருந்தினர்' என்று அந்தப் பட்டியலிலேயே சேர்த்திருந்தார்கள். ஆக, வெளியாளின் நாற்காலியும் உள்ளிருந்தே ஒதுக்கப்பட்டது.

சோவியத் நாட்டுக்கு இந்தச் சொல்லைப் பொருத்தியதில் முதலாளித்துவ நாடுகளின் பேராசிரியர்களுக்கு முந்திக்கொண்டவர்கள் புரட்சிக்காரர்களே. விக்தர் செர்ஜ் 1933 பிப்ரவரியில், தான் எந்நேரமும் கைதாகலாம் என்று உணர்ந்து பாரிஸ் நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில், சோவியத்தை முற்றாதிக்க அரசு என்றார். அடுத்த மாதமே கைதாகி ஓரென்பர்குக்கு அனுப்பப்பட்டார். ட்ரொட்ஸ்கி 1936-இல் எழுதி முடித்த நூலிலும் ஸ்டாலின் ஆட்சிக்கு இந்த அடைமொழி வருகிறது. ஆனால் என் வாதத்துக்கு இவர்களைவிடப் பெரிய சாட்சி ஒரு வாக்குச்சீட்டு. 1936 மார்ச்சில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ராய் ஹவர்டிடம் ஸ்டாலின், புதிய அரசியல் சட்டத்தின் கீழ் தேர்தல் போட்டி விறுவிறுப்பாக இருக்கும் என்றார். பல பெயர்கள் கொண்ட மாதிரிச் சீட்டுகளும் தயாராயின. மதநம்பிக்கையாளர்களும் பழைய பகையாளிகளும் இந்த வாய்ப்பைப் பயன்படுத்தக்கூடும் என்ற கவலை உள்ளூரிலிருந்து மேலே எட்டியது. கடைசி நேரத்தில், 1937 அக்டோபரில், தொகுதிக்கு ஒரே வேட்பாளர் என்று முடிவானது. டிசம்பர் 12 அன்று மக்கள் கையில் கொடுத்த சீட்டிலோ, விரும்பும் ஒருவரை விட்டுவிட்டு மற்றப் பெயர்களை அடித்துவிடும்படி அறிவுரை அப்படியே இருந்தது. அடிப்பதற்கு இன்னொரு பெயர் இல்லை. வேட்பாளர்களின் அணிக்கு வைத்த பெயர், கம்யூனிஸ்டுகளும் கட்சி சாராதவர்களும் சேர்ந்த அணி. கட்சியில் இல்லாதவனையும் கட்சியே நிறுத்துகிறது! 14 ஆண்டுகளுக்கு முன் இத்தாலிய நகரசபைக்குப் போட்ட இரண்டு பட்டியலும் இங்கே ஒரே தாளில் ஒட்டிக்கொண்டன. அதிகாரபூர்வக் கணக்கின்படி ஆதரவு 98.6 விழுக்காடு.

அதன்பின் சொல்லின் வரலாறு பெரும்பாலும் ராஜதந்திரத்தின் வரலாறு, விரைவாகக் கடந்துவிடலாம். 1939 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாலினும் ஹிட்லரும் கைகோத்ததும் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பது மேற்கே பொதுப்புத்தியானது. 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத்தைத் தாக்கியதும் அந்த ஒப்பீடு மரியாதையாக ஓரங்கட்டப்பட்டது. 1947 மார்ச் 12 அன்று கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் உதவி கேட்டு அமெரிக்க அதிபர் ட்ரூமன் பேசியபோது மீண்டும் மேடையேறியது. 1956-இல் அரசியல் அறிஞர்கள் ஃப்ரீட்ரிஷும் பிரெஜின்ஸ்கியும் ஆறு அடையாளங்களைப் பட்டியலிட்டார்கள்: அதிகாரபூர்வக் கொள்கைவாதம், ஒற்றைக் கட்சி, பயங்கரக் காவல்துறை, செய்தித்தொடர்பு, ஆயுதங்கள், பொருளாதாரம் மூன்றின் மீதும் ஏகபோகம். ஆயுத ஏகபோகத்தை விரும்பாத அரசு உலகில் எது? இந்தப் பட்டியலில் மிகவும் பலவீனமான கண்ணி அதுதான். முழுப் பட்டியலும் மருத்துவர் வைத்திருக்கும் நோய்க்குறி அட்டை மாதிரி. நோய் என்னவென்று சொல்வதில்லை. 1979-இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜீன் கர்க்பாட்ரிக் இந்தச் சொல்லை வைத்து, பழைய பாணி எதேச்சாதிகாரங்கள் திருந்தலாம், முற்றாதிக்கங்கள் தாமாக மாறாது, எனவே அமெரிக்கா முன்னவற்றோடு நட்பாக இருக்கலாம் என்று வாதாடினார். நட்புச் சர்வாதிகாரிகளுக்கு நற்சான்றிதழ் எழுதும் மையாகச் சொல் ஆகிவிட்டது. சொல் இப்படிப் பனிப்போர் ஆயுதமாவதைப் பார்த்துத்தான், கர்க்பாட்ரிக்குக்கு முன்பே, 1968-இன் சமூக அறிவியல் கலைக்களஞ்சியத்தில் இதைப் பற்றி எழுதிய ஹெர்பர்ட் ஸ்பைரோவே, அடுத்த பதிப்பில் இந்தத் தலைப்பு இருக்காது என்ற எதிர்பார்ப்பை வெளியிட்டார். அவருடைய சலிப்பு நியாயம்தான். ஆனால் ஒரு சொல்லைத் தவறாக ஏவியவர்கள் இருந்தார்கள் என்பதற்காக, அது சுட்டிய பொருள் இல்லாமல் போய்விடாது.

இன்னொரு மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. நாஜிகளின் அவுஷ்விட்ஸையும் சோவியத் முகாம்களின் கொலிமாவையும் கண்ட நூற்றாண்டில், வாக்குச்சீட்டையும் நாற்காலியையும் வைத்து இந்தச் சொல்லை அளப்பது கொடுமையைக் குறைத்துக் காட்டுவது ஆகாதா? அரெண்டுக்கு இந்த ஆட்சிகளின் சாரமே பயங்கரம்தான், வதைமுகாம்தான். என் பதில்: படுகொலைக்கு அதற்குரிய பெயர்கள் உண்டு, அவற்றைக் கொண்டு அதைச் சொல்வதே முறை. முற்றாதிக்கம் என்ற சொல்லின் மேல் அத்தனை பாரத்தையும் ஏற்றினால், கொலை குறைந்ததும் அந்தச் சொல்லையே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டிவரும். அரெண்டுக்கே அந்த நெருக்கடி வந்தது. ஸ்டாலின் இறந்த பிறகான சோவியத்தை, 1966-இல் எழுதிய முன்னுரையில், அந்த வகையிலிருந்து விலகிச் செல்வதாகவே அவர் கண்டார். ஆனால் ஒற்றை வேட்பாளர் சீட்டும், 99 விழுக்காடும், கட்டாய ஆர்வமும் அதற்குப் பிறகும் இருந்தன. கொலை செய்யாமலும் எதிராளியின் இடத்தை எடுத்துக்கொள்ள முடியும். அது கொலைக்குச் சமமான குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. அது வேறொரு செயல், அதற்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது.

கிழக்கு ஜெர்மனியில் அந்தச் செயல் முழு நேர்த்தி பெற்றது. அங்கே பெயரளவுக்குப் பல கட்சிகள் இருந்தன: கிறித்துவ ஜனநாயகக் கட்சி, தாராளவாதக் கட்சி, விவசாயிகள் கட்சி, 1948-இல் முன்னாள் நாஜிகளையும் தேசியவாதிகளையும் உள்ளிழுக்கவே தொடங்கப்பட்ட தேசிய ஜனநாயகக் கட்சி. எல்லாம் 'தேசிய முன்னணி'யின் ஒரே பட்டியலில். யாருக்கு எத்தனை இடம் என்பது தேர்தலுக்கு முன்பே பங்குபோட்டாயிற்று. வாக்காளர் செய்ய வேண்டியது சீட்டை வாங்கி மடித்துப் பெட்டியில் போடுவது. அதனால் வாக்களிக்கப் போவதற்கே மக்கள் 'மடிக்கப் போகிறோம்' என்றார்கள். மறுக்க நினைப்பவர் எல்லார் கண்முன்னும் மறைவிடத்துக்குப் போய் ஒவ்வொரு பெயராக அடிக்க வேண்டும். 1989 மே 7 அன்று உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது, தேவாலயங்களை ஒட்டி இயங்கிய குழுக்கள் வாக்கு எண்ணும் இடங்களுக்குப் போய் நின்றன. எண்ணிக்கையைப் பொதுமக்கள் பார்க்கச் சட்டத்தில் இடமிருந்தது. தேர்தல் ஆணையத் தலைவர் எகோன் க்ரென்ஸ் அன்றிரவு அறிவித்த ஆதரவு 98.85 விழுக்காடு. பெர்லினின் வைசன்சே பகுதியில் குழுவினர் கூட்டிப் பார்த்த 'இல்லை' வாக்குகள், அந்தப் பகுதிக்கு அரசு அறிவித்ததைவிட அதிகம். உண்மைக் கணக்கை வெளியிட்டிருந்தாலும் ஆளுங்கட்சி பெரிய அளவில் ஜெயித்திருக்கும். ஒரு நாற்காலிகூடப் போயிருக்காது. அப்படியும் எண்களைத் திருத்தினார்கள். டிரெஸ்டன் மாவட்டக் கட்சிச் செயலாளராக அந்தத் திருத்தத்தில் பங்கிருந்ததற்காக 1993-இல் நீதிமன்றத்தில் குற்றவாளியானவர் ஹான்ஸ் மோட்ரோ. அவர் கட்சியில் சீர்திருத்தக்காரர் என்று பெயரெடுத்தவர், 1989 நவம்பரில் பிரதமரானவர்.